ஆடுவதற்கு முன் பார்க்க வேண்டும்: டான்ஸ் தெரபி படிக்க நினைப்பவர்களுக்கு

"எனக்கு டான்ஸ் பிடிக்கும், சைக்காலஜியும் பிடிக்கும். ரெண்டும் சேர்ந்த வேலை ஒண்ணு இருக்காமே?"

பள்ளி இறுதியிலோ கல்லூரித் தொடக்கத்திலோ இருக்கும் ஒருவர் டான்ஸ் தெரபி என்ற பெயரைக் கேட்டதும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார். ஆரம்பிக்க நல்ல இடம்தான். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு கூட்டல் கணக்கு ஒளிந்திருக்கிறது. நன்றாக ஆடத் தெரிய வேண்டும், மனசைப் பற்றிக் கொஞ்சம் படித்திருக்க வேண்டும், இரண்டையும் கூட்டினால் சிகிச்சையாளர். அந்தக் கணக்கு சரியாக வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பது புரிந்துவிட்டால், இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி.

சிகிச்சை நடக்கும் ஓர் அறையை மனதில் வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வலது குதிகாலை மட்டும் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறார். சிகிச்சையாளர் எழுந்து ஆடிக் காட்டவில்லை. "எல்லாரும் எழுந்திருங்க" என்று கூப்பிடவும் இல்லை. தன் குதிகாலை அதே தாளத்தில் மெல்லத் தட்டத் தொடங்குகிறார். பக்கத்தில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு தொடையில் தட்டுகிறார். தாளம் வட்டத்தைச் சுற்றி வருகிறது. கைகட்டி இருந்தவர் நிமிர்ந்து பார்க்கிறார். தன்னுடைய தாளம்தான் அறை முழுக்க ஓடுகிறது என்பது அவருக்குத் தெரிகிறது. சோதித்துப் பார்ப்பதுபோலச் சட்டென்று நிறுத்துகிறார், எல்லோரும் நிறுத்துகிறார்கள். மறுபடி தட்டுகிறார், மறுபடி தொடங்குகிறது. வாயோரம் லேசாக ஒரு சிரிப்பு. அன்றைய அமர்வில் அவரைப் பொறுத்தவரை நடந்தது அவ்வளவுதான். ஆனால் அறைக்குள் வந்தபோது தனியாக இருந்தவர், சில நொடிகள் ஒரு கூட்டத்தையே வழிநடத்தியிருக்கிறார்.

வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு இதில் நடனம் என்று சொல்ல எதுவும் இருக்காது. பெயரில்தான் நடனம் இருக்கிறது. வேலையில் பெரும்பகுதி பார்ப்பதும் பின்தொடர்வதும்.

வகுப்பு வேறு, சிகிச்சை வேறு

நடனம் ஆடினால் மனசு லேசாகிறது என்பது ஆடிய எல்லோருக்கும் தெரியும். அதனால் எந்த நடன வகுப்பையும் 'தெரபி' என்று சொல்லிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. நல்லது செய்யும் நடனம் எல்லாம் நடன சிகிச்சை ஆகிவிடாது. இதற்கு ஒரு தெளிவான உதாரணம் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு, 2001இல் பார்கின்சன் நோய் உள்ளவர்களுக்காக வகுப்புகளைத் தொடங்கியது. இன்று அது பல நாடுகளில் நடக்கிறது. அங்கே கற்பிப்பவர்கள் நடனக் கலைஞர்கள். வருபவர்களை நோயாளிகளாக நடத்தாமல் நடன மாணவர்களாகவே நடத்துகிறார்கள். அதைத் தொடங்கியவர்களே இது சிகிச்சை இல்லை, நடன வகுப்பு என்று சொல்கிறார்கள். அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது: வாரம் முழுக்க நோயாளியாக இருப்பவர் அங்கே போய் ஒரு மணி நேரம் கலை கற்றுக்கொள்பவராக இருக்கலாம்.

நடன அசைவுச் சிகிச்சை, அதாவது டான்ஸ் தெரபி, வேறு தளத்தில் இயங்குகிறது. அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கத்தின் வரையறையைச் சுருக்கிச் சொன்னால், ஒருவரின் உணர்வு, உறவு, அறிவு, உடல் ஆகியவற்றை ஒருங்கிணைப்பதற்காக அசைவை உளச்சிகிச்சையாகப் பயன்படுத்துவது. இதில் கவனிக்க வேண்டிய சொல் 'உளச்சிகிச்சை'. தொடக்கத்தில் மதிப்பீடு உண்டு, நோக்கம் உண்டு, ஒவ்வோர் அமர்வுக்கும் குறிப்பேடு உண்டு, என்ன நடந்தாலும் பொறுப்பேற்க ஆள் உண்டு. நடன வகுப்பில் ஒருவர் திடீரென்று அழுதால் ஆசிரியர் தண்ணீர் கொடுப்பார், கொஞ்சம் உட்காரச் சொல்வார், வகுப்பு தொடரும். சிகிச்சை அறையில் அந்த அழுகை வந்த இடத்திலிருந்துதான் வேலையே தொடங்குகிறது. அதைத் தாங்கிப் பிடிக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லாமல் ஒருவரின் பழைய காயத்தைத் திறந்துவிட்டு மூடத் தெரியாமல் நிற்பது ஆபத்து.

எங்கிருந்து வந்தது

மரியன் சேஸ் 1896இல் பிறந்தவர். டெனிஷான் என்ற அமெரிக்க நடனப் பள்ளியில் நவீன நடனம் பயின்றவர். பிறகு வாஷிங்டனில் சொந்தமாக நடனம் கற்பித்தார். அவரிடம் வந்த சிலரைப் பற்றி அவருக்கு ஒரு குழப்பம் இருந்தது. இவர்கள் மேடை ஏறப்போவதில்லை, நுட்பத்திலும் பெரிய ஆர்வம் இல்லை, ஆனால் வருவதை நிறுத்துவதும் இல்லை. அப்படியானால் எதற்கு வருகிறார்கள்? வேறொரு ஆசிரியராக இருந்தால் இவர்களை ஒரு மூலையில் நிறுத்தி, திறமைசாலிகள்மேல் கவனம் வைத்திருப்பார். சேஸ் தலைகீழாகச் செய்தார். அவர்கள் எப்படி அசைகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினார். அவர்களுக்கு ஏற்றபடி வகுப்பை மாற்றினார். இதைக் கேள்விப்பட்ட மருத்துவர்கள் அவரிடம் ஆட்களை அனுப்பத் தொடங்கினார்கள். 1942இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் அவர் வேலை தொடங்கினார்.

அந்தக் காலத்தை மனதில் வைத்தால்தான் அதன் அர்த்தம் புரியும். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. போரில் மனம் உடைந்தவர்கள் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். குளோர்புரோமசின் போன்ற மனநோய் மருந்துகள் புழக்கத்துக்கு வர இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. வார்டுகளில் பல வருடங்களாகப் பேசாதவர்கள் இருந்தார்கள். பேச்சையே நம்பியிருந்த சிகிச்சைக்கு இவர்களிடம் பிடி கிடைக்கவில்லை. ஆனால் பேசாதவரும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார், விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தார், ஒரே இடத்தில் நடந்துகொண்டிருந்தார். சேஸ் அந்த அசைவுக்குப் பதில் சொன்னார், அசைவாலேயே. அந்த அசைவை அப்படியே நகலெடுக்கவில்லை. அதன் தன்மையைத் தன் உடலில் வாங்கித் திருப்பித் தந்தார். 'நீ செய்வதைப் பார்த்தேன்' என்று வாயால் சொல்லாமல் சொல்லும் வழி அது. கண்ணாடிபோலப் பிரதிபலித்தல் என்று இத்துறையில் இன்று சொல்லப்படும் முறையின் வேர் இதுதான். வட்டமாக நிற்பது, தாளத்தைப் பகிர்வது இரண்டும்கூட அவர் வழிவந்தவைதான்.

1966இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் 73 உறுப்பினர்களோடு உருவானபோது சேஸ்தான் அதன் முதல் தலைவர். நான்கே வருடத்தில், 1970இல் இறந்துபோனார்.

அவர் மட்டும் இல்லை. மேரி வைட்ஹவுஸ், சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கின் உளப்பகுப்பாய்வைப் பின்புலமாகக் கொண்டு, மனநோய் இல்லாத சாதாரண மனிதர்களோடு வேலை செய்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளிருந்து வரும் உந்துதலுக்காகக் காத்திருந்து அசைவது ஒருவர் பங்கு. தீர்ப்புச் சொல்லாமல் சாட்சியாக இருந்து பார்ப்பது இன்னொருவர் பங்கு. ட்ரூடி ஷூப் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நகைச்சுவை நடனக் கலைஞர். கலிபோர்னியாவில் மனச்சிதைவு உள்ளவர்களோடு வேலை செய்தார். இப்படிப் பல ஊற்றுகள். இவர்களில் பெரும்பாலோர் நடனத்திலிருந்து வந்த பெண்கள், மருத்துவப் பட்டம் இல்லாதவர்கள். மருத்துவ உலகம் இவர்களை முழுமையாக ஏற்றுக்கொள்ளத் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் அனுமானம். அந்தத் தயக்கத்தின் மிச்சத்தை இன்றைய மாணவரும் வேலை தேடும்போது சந்திப்பார்.

பார்ப்பதற்கு ஒரு மொழி

இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒருவர் கதவைச் சாத்துவதைப் பாருங்கள். கதவு மூடியதா இல்லையா என்பது விஷயமே இல்லை. எவ்வளவு பலத்தோடு சாத்தினார்? சட்டென்றா, நிதானமாகவா? கை நேராகக் கதவுக்குப் போனதா, எங்கெங்கோ அலைந்து போனதா? அசைவு தடையில்லாமல் ஓடியதா, நடுவில் பிடித்துப் பிடித்து நகர்ந்ததா? 1879இல் பிறந்த ருடால்ப் லாபன் என்ற நடனக் கோட்பாட்டாளர் அசைவைப் பார்க்க உருவாக்கிய நான்கு அளவுகோல்கள் இவை: எடை, நேரம், வெளி, ஓட்டம். நடனத்தோடு நிற்காமல், இங்கிலாந்தில் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் அசைவைக்கூட அவர் இந்தக் கண்ணோடு ஆராய்ந்தார். அவரிடம் பயின்ற இர்ம்கார்ட் பார்ட்டெனியேப் பிசியோதெரபி படித்துவிட்டு நியூயார்க்கில் போலியோ பாதித்தவர்களோடு வேலை செய்தவர். லாபனின் மொழியை மருத்துவ அறைக்குள் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. குழந்தைகளின் அசைவு வளர்ச்சியைப் பார்க்க ஜூடித் கெஸ்டன்பெர்க் வகுத்த முறை தனி.

இந்த மொழி எதற்கு? 'அவர் சோகமாக இருந்தார்' என்று எழுதுவது நம் ஊகம். 'நடக்கும்போது எடையைக் கீழே இறக்கவில்லை, கை வீச்சு இடுப்பைத் தாண்டவில்லை, திரும்பும்போது தலை கடைசியாகத் திரும்பியது' என்று எழுதுவது கண்ணால் பார்த்தது. மூன்று மாதம் கழித்து மாற்றம் வந்திருக்கிறதா என்று ஒப்பிட முடிவது இரண்டாவதை மட்டும்தான்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் மொழி ஏற்கனவே உடம்பில்தான் உணர்வை வைத்திருக்கிறது. பதறும்போது கை கால் ஓடவில்லை, துக்கத்தில் நெஞ்சு அடைக்கிறது, வெட்கத்தில் உடம்பு கூசுகிறது, பிடிக்காதவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனதில் உள்ளது உடலில் புலப்படுவதற்கு 'மெய்ப்பாடு' என்று ஒரு தனிச் சொல்லே இருக்கிறது. தொல்காப்பியம் அதற்கு ஓர் இயலையே ஒதுக்கி, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாக வகுத்தது.

ஆனால் இதே வசதி ஒரு பொறியும்தான். உடல் ஓர் அகராதி இல்லை. கை கட்டியிருந்தால் மனசை மூடிக்கொண்டார் என்று அர்த்தம், கண்ணைப் பார்க்காவிட்டால் பொய் சொல்கிறார் என்று அர்த்தம் என்றெல்லாம் சொல்லித்தரும் 'பாடி லாங்வேஜ்' வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தத் துறைக்கு வந்தால் முதலில் அதை மறக்க வேண்டும். கை கட்டியவருக்குக் குளிராக இருக்கலாம். தோள் வலி இருக்கலாம். அவர் வளர்ந்த இடத்தில் அது மரியாதையின் அடையாளமாக இருக்கலாம். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் அர்த்தம் சொல்ல அவசரப்படுவதில்லை. அந்தக் கைகட்டு எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது, யார் பக்கத்தில் வரும்போது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அர்த்தத்தை அந்த மனிதரே கண்டுபிடிப்பதுதான் பெரும்பாலும் நல்லது.

நன்றாக ஆடுகிறவர்களுக்கு வரும் சிக்கல்

பல வருடம் முறையாக நடனம் பயின்றவருக்கு ஒரு சொத்து இருக்கிறது: தன் உடலை உள்ளிருந்து அறிந்திருப்பது. கூடவே ஒரு சுமையும் இருக்கிறது: திருத்தும் கண். முதுகு வளைந்திருந்தால், தாளம் தப்பினால், கை பாதியில் நின்றால் அவருக்குள் ஏதோ ஒன்று உடனே 'தப்பு' என்கிறது. சிகிச்சை அறையில் தப்பு என்று எதுவும் இல்லை. பாதியில் நின்ற கைதான் அந்த மனிதர் அன்று கொண்டுவந்த செய்தி. அதைச் சரிசெய்துவிட்டால் செய்தி போய்விடும்.

இன்னொரு சிக்கல், அழகு. பயிற்சி பெற்ற உடல் அசையும்போது எல்லோர் கண்ணும் அங்கே போகும். குழுவில் இருப்பவர்கள் தங்கள் அசைவை விட்டுவிட்டு அவரைப் பார்த்துச் செய்யத் தொடங்கிவிடுவார்கள். அதனால் இந்த வேலையில் தன் நடனத்தைச் சிறிதாக்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். மேடையில் கிடைக்கும் கைத்தட்டலுக்குப் பழகியவருக்கு இது சுலபமில்லை. நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: மற்றவர் ஆட, நான் பின்னால் இருப்பதில் எனக்குத் திருப்தி வருமா?

பிரதிபலிப்பதிலும் நுட்பம் இருக்கிறது. ஒருவர் செய்வதை அச்சு அசலாக அப்படியே செய்தால் கேலி செய்வதுபோல் ஆகிவிடும். அவர் காலால் தட்டினால் நாம் கையால், அவர் பெரிதாகச் செய்தால் நாம் கொஞ்சம் சிறிதாக, ஆனால் அதே வேகம், அதே அழுத்தம். இப்படி இன்னொருவரின் அசைவை உடலில் வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு ஒரு விலையும் உண்டு. அமர்வு முடிந்து எல்லோரும் போன பிறகும் தன் தோள் இறுகியே இருக்கும். அது யாருடைய இறுக்கம், அவருடையதா தன்னுடையதா என்று பிரித்தறியத் தெரியாவிட்டால் சில வருடங்களில் ஆள் தேய்ந்துவிடுவார். மூத்தவரின் மேற்பார்வையை இத்துறை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான். பிரிட்டனில் படிக்கும் காலத்திலேயே மாணவர் தானும் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பது விதி.

பலன் உண்டா?

மாணவர் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி இது. சுற்றியிருப்பவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 41 ஆய்வுகளை, மொத்தம் 2,374 பேரை, சேர்த்துப் பார்த்தது. மனச்சோர்வும் பதற்றமும் குறைவது, வாழ்க்கைத் தரம் கூடுவது ஆகியவற்றில் பலன் இருப்பதாக அது சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொகுப்பில் நடன சிகிச்சையும் பொதுவான நடனப் பயிற்சியும் இரண்டுமே இருந்தன. ஆதாரங்களைக் கறாராகச் சலிக்கும் காக்ரேன் அமைப்பு 2015இல் மனச்சோர்வுக்கான நடன அசைவுச் சிகிச்சையை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அதன் சல்லடையில் தேறியவை 3 ஆய்வுகள், 147 பேர். உறுதியாக எதுவும் சொல்ல அது போதாது என்றது. மறதி நோய்க்காக அதே அமைப்பு 2017இல் செய்த பரிசீலனையில் தகுதியான ஆய்வு ஒன்றுகூடத் தேறவில்லை.

இதை வைத்துப் பலன் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஆய்வுகள் குறைவு, சிறியவை என்பதுதான் இதன் பொருள். அதற்குக் காரணங்களும் இருக்கின்றன. மாத்திரைக்குப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். நடனத்துக்குப் போலி நடனம் எப்படித் தருவது? தான் ஆடுகிறோமா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரியுமே. பலன் வந்தாலும் அது அசைவால் வந்ததா, உடற்பயிற்சியால் வந்ததா, கூட்டத்தில் இருந்ததால் வந்ததா, இசையால் வந்ததா என்று பிரிப்பது கடினம். ஒவ்வொரு இழையிலும் தனித்தனியாகச் சில தடயங்கள் கிடைத்திருக்கின்றன. உதாரணமாக, 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே அடி வைத்துச் சேர்ந்து நடந்தவர்கள், தத்தம் போக்கில் நடந்தவர்களைவிட அடுத்து வந்த குழு விளையாட்டில் அதிகம் ஒத்துழைத்தார்கள். குதிகால் தாளம் வட்டத்தைச் சுற்றி வந்தபோது நடந்ததற்கு இது ஒரு சின்ன விளக்கம். முழு விளக்கம் இல்லை.

புள்ளிவிவரத்திலும் ஆய்வு முறையிலும் ஆர்வம் உள்ள மாணவருக்கு இது நல்ல செய்தி என்றே சொல்வேன். செய்ய வேண்டிய வேலை மலைபோலக் கிடக்கும் துறை இது. அற்புதம் நடக்கிறது என்று மட்டும் பேசுகிற பயிற்சி நிலையத்தைக் கண்டால் கொஞ்சம் தள்ளி நிற்கலாம்.

படிப்பும் மணிநேரமும்

அமெரிக்காவில் பாதை ஓரளவு தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. முதுகலைப் பட்டம் கட்டாயம். டிரெக்ஸல், லெஸ்லி, பிராட், சாரா லாரன்ஸ் ஆகியவை இத்துறையில் பெயர்பெற்ற இடங்கள். படிப்போடு மருத்துவமனை, பள்ளி போன்ற இடங்களில் மேற்பார்வையின்கீழ் 700 மணி நேரப் பயிற்சி. அதை முடித்தால் 'ஆர்-டிஎம்டி' (பதிவு பெற்ற நடன அசைவுச் சிகிச்சையாளர்) என்ற பதிவு கிடைக்கும். அது நுழைவாயில்தான். அடுத்த நிலையான 'பிசி-டிஎம்டி' (வாரியச் சான்று பெற்ற சிகிச்சையாளர்) தகுதிக்கு 2,400 மணி நேரம் சிகிச்சை வேலையும், அதில் 48 மணி நேரம் மூத்த சிகிச்சையாளரின் மேற்பார்வையும் வேண்டும். வாரம் 20 மணி நேரம் என்று போட்டால் 2,400 மணி நேரம் 120 வாரம், இரண்டு வருடத்துக்கு மேல். வேறு உளவியல் சார்ந்த முதுகலை முடித்தவர்கள் கூடுதல் பாடங்கள் படித்து உள்ளே வரும் மாற்று வழியும் உண்டு.

பிரிட்டனில் இதை நடன அசைவு உளச்சிகிச்சை என்றே அழைக்கிறார்கள். 1982இலிருந்து அங்கே தனிச் சங்கம் இருக்கிறது. ஒரு விநோதம்: ஓவியம், இசை, நாடகம் வழியான சிகிச்சைகளை அரசு சட்டப்படி முறைப்படுத்துகிறது, நடனம் அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பிய நாடுகளின் சங்கங்களை இணைக்கும் அமைப்பு 2010இல்தான் வந்தது. இந்தியாவில், ஆள்கடத்தலிலிருந்தும் வன்முறையிலிருந்தும் மீண்டவர்களோடு நடனம் வழியாக வேலை செய்யும் கொல்கத்தா சன்வேத் என்ற அமைப்பு 2004இல் உருவானது. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து பட்டயப் படிப்பும் நடத்தியிருக்கிறது.

பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத இடங்களில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். இரண்டு நாள் பட்டறையில் சான்றிதழ் கொடுத்து 'சிகிச்சையாளர்' என்று அழைப்பவர்களும் இருக்கிறார்கள். பட்டறைக்குப் போவதில் தப்பில்லை, ருசி பார்க்க நல்ல வழி. ஆனால் பணம் கட்டும் முன் சில விஷயங்களைக் கேட்டுவிட வேண்டும். மேற்பார்வையோடு எத்தனை மணி நேரம் உண்மையான ஆட்களோடு வேலை? மேற்பார்வை செய்பவரின் தகுதி என்ன? முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இதற்கு நேரான பதில் வராவிட்டால் விடையும் கிடைத்துவிட்டது.

இளங்கலையில் என்ன படிப்பது என்றால், உளவியல் நேரான வழி. நடனம், சமூகப் பணி, பிசியோதெரபி, சிறப்புக் கல்வி படித்தவர்களும் வருகிறார்கள். எதில் இருந்தாலும் வளர்ச்சி உளவியல், மனநோய் பற்றிய உளவியல், உடற்கூறு இந்த மூன்றையும் எப்படியாவது தொட்டுவிட வேண்டும். நடனத்தில் ஒரே முறையில் ஆழம் இருந்தால் போதாது. அமைப்பில்லாமல், அப்போதைக்கு எழும் அசைவில் ஆடப் பழகியிருக்க வேண்டும்.

வேலை எங்கே கிடைக்கும்

மனநல மருத்துவமனை, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பள்ளி, முதியோர் பராமரிப்பு, புற்றுநோய் சிகிச்சை மையம், சிறைச்சாலை, அகதிகளுக்கான மையம், உணவுப் பழக்கக் கோளாறுகளுக்கான மையம் என்று இடங்கள் நிறைய. ஆனால் 'நடன சிகிச்சையாளர் தேவை' என்ற விளம்பரத்துக்காகக் காத்திருந்தால் ரொம்ப நாள் காத்திருக்க நேரும். ஆலோசகர், கலைவழிச் சிகிச்சையாளர், செயல்பாட்டுப் பயிற்சியாளர் என்று வேறு பெயர்களில்தான் பணியிடங்கள் வருகின்றன. நியூயார்க் மாநிலம் கலைவழிச் சிகிச்சையாளருக்கான உரிமத்தில் நடன சிகிச்சையையும் சேர்த்திருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அதனால் பலர் ஆலோசகர் உரிமமும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். அது புத்திசாலித்தனம். இரண்டு மூன்று இடங்களில் பகுதிநேரமாக வேலை செய்து மாதத்தை ஓட்டுவது ஆரம்ப வருடங்களில் சகஜம். பணம் முதல் காரணமாக இருந்தால் இதைவிட நேரான பாதைகள் இருக்கின்றன.

இன்னொன்று, வேலையில் ஒரு பகுதி எழுதுவது. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் உட்காரும் கூட்டத்தில் 'இன்று அழகாக அசைந்தார்' என்று சொன்னால் யாருக்கும் பயன் இல்லை. 'ஆறாவது அமர்வில் முதல்முறையாகக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தினார், பக்கத்தில் இருந்தவரோடு இரண்டு நிமிடம் தாளம் பகிர்ந்தார்' என்று சொன்னால் காது கொடுப்பார்கள். இந்தத் துறை என்றால் என்னவென்று புதிதாக வரும் ஒவ்வொரு மேலதிகாரிக்கும் மறுபடி மறுபடி விளக்கும் பொறுமையும் வேண்டும். அது கொஞ்சம் அலுப்பான வேலைதான்.

தொடுதல், ரகசியம் இரண்டும் படிப்பின் முதல் நாளிலிருந்தே வரும் விஷயங்கள். கையைப் பிடிப்பது நடனத்தில் சாதாரணம்; தொடுதலால் காயப்பட்டவருக்கு அது சாதாரணம் இல்லை. கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, வேண்டாம் என்பதை முகம் சுளிக்காமல் ஏற்பது பழக வேண்டிய ஒன்று. அப்புறம், அமர்வை வீடியோ எடுத்துப் பதிவேற்றும் ஆசை இருந்தால் அதை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

சேர்வதற்கு முன் ஒரு சோதனை

விண்ணப்பம், கட்டணம், நேர்காணல் எல்லாம் பிறகு. அதற்கு முன் செலவில்லாமல் செய்துபார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. மனிதர்கள் காத்திருக்கும் ஏதாவது ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ஒருவரை, அவருக்கு உறுத்தாத தூரத்திலிருந்து, கவனியுங்கள். பார்த்ததை வீட்டுக்கு வந்து எழுதுங்கள். ஒரே நிபந்தனை: கோபம், சலிப்பு, பயம், சந்தோஷம் என்று எந்த உணர்வுச் சொல்லும் வரக் கூடாது. எடை எந்தக் காலில் இருந்தது, மூச்சு எங்கே தெரிந்தது, எது நகர்ந்தது, எது நகரவே இல்லை, எந்தத் தாளத்தில்.

முதல் நாள் மூன்று வரிக்கு மேல் வராது. இரண்டாம் நாள் உணர்வுச் சொல் ஒன்று தெரியாமல் நுழைந்திருக்கும். இப்படிப் பத்து நாள் எழுதிய பிறகு, எழுதியவற்றில் ஒருவரை எடுத்து, ஒரு நிமிடம் அவர் நின்ற மாதிரி, அவர் அசைந்த மாதிரி உங்கள் உடலில் வைத்துப் பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் காட்டாமல். உங்கள் முதுகுக்கும் மூச்சுக்கும் என்ன ஆகிறது என்று கவனித்து, அதையும் அதே நோட்டில் எழுதிவையுங்கள். பதினோராவது நாள் யாரும் சொல்லாமலே மறுபடி போய் உட்காரத் தோன்றுகிறதா என்பதையும்.